தலைவருக்கு எத்தனை மார்க்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாட்டின் தலைவர் எப்படி ஆட்சி நடத்துகிறார் என்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கருத்துக்கணிப்பைப் படித்தேன். அட்டையிலேயே பெரிய எழுத்தில் சதவீதம், உள்ளே வண்ண வண்ணப் படங்கள். மக்களிடம் என்ன கேள்வி கேட்டார்கள் என்பது மட்டும் அடிக்குறிப்பு வரை தேடியும் கிடைக்கவில்லை.

ஒரு தலைவரைப் பிடித்திருக்கிறதா என்பது ஒரு கேள்வி. வேலையைச் சரியாகச் செய்கிறாரா என்பது வேறு கேள்வி. மறுபடியும் ஓட்டுப் போடுவீர்களா என்பது இன்னொன்று. நீங்கள் மூன்றையும் ஒரே சதவீதத்துக்குள் அடைத்து, ‘மக்கள் தலைவர் பக்கமே’ என்று முடித்துவிட்டீர்கள்.

மக்கள் இவற்றைக் குழப்பிக்கொள்வதில்லை. 1945 மே மாதம் ‘காலப்’ (Gallup) நிறுவனம் பிரிட்டனில் எடுத்த கருத்துக்கணிப்பில் பிரதமர் சர்ச்சிலுக்கு 83 சதவீத ஆதரவு. ஜூலையில் தேர்தல் நடந்தது. தொழிற்கட்சி 393 இடங்களைப் பிடித்தது, சர்ச்சில் பதவி இழந்தார். போரை நடத்தியவர் மேல் மதிப்பு இருந்தது. ஆனால் வீடு, வேலை, மருத்துவம் என்று வந்தபோது மக்கள் வேறு ஆளைத் தேடினார்கள். அமெரிக்காவில் இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. 1998 டிசம்பரில் கிளிண்டன் மீது பிரதிநிதிகள் சபை பதவிநீக்கத் தீர்மானம் நிறைவேற்றிய அதே நாட்களில், அதிபராக அவர் செய்யும் வேலையை 73 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். நேர்மையானவரா என்று தனியாகக் கேட்டால் கிடைத்த ஆதரவு மிகக் குறைவு. கேள்வி பிரிந்ததால்தான் விஷயம் வெளியே வந்தது.

நேரமும் கணக்கில் வர வேண்டும். வளைகுடாப் போர் முடிந்த கையோடு, 1991இல் அமெரிக்க அதிபர் மூத்த புஷ்ஷுக்குக் கிடைத்தது 89 சதவீதம். மறு ஆண்டே தேர்தலில் தோற்றார். அந்த 89இல் அவருடைய ஆட்சிக்கு எவ்வளவு, போரில் ஜெயித்த உற்சாகத்துக்கு எவ்வளவு? உங்கள் கணிப்பு எந்த வாரத்தில் எடுக்கப்பட்டது என்பதையாவது போட்டிருக்கலாம்.

அப்புறம் அந்த ‘சுமார்’. மிக நன்று, நன்று, சுமார், மோசம் என்று நான்கு பதில்கள் கொடுத்திருக்கிறார்கள் என்பது படத்தைப் பார்த்தால் தெரிகிறது. சுமார் என்றவர்களை எந்தப் பக்கம் சேர்த்தார்கள்? ஆதரவில் சேர்த்தால் தலைவருக்கு அமோக செல்வாக்கு, எதிர்ப்பில் சேர்த்தால் அதிருப்தி அலை. ஒரே விடைத்தாளில் இரண்டு தலைப்பையும் எழுதிவிட முடியும்!

சென்ற முறையைவிட 2 புள்ளி குறைந்ததை ‘சரிவு’ என்று எழுதியிருப்பதும் சரியில்லை. ஆயிரம் பேரிடம் எடுக்கும் கணிப்பில் 3 புள்ளி வரை இப்படியும் அப்படியும் போகும். அதற்காக லட்சக்கணக்கில் கேட்டால் சரியாகிவிடும் என்றும் இல்லை. 1936இல் ஓர் அமெரிக்க வார இதழ் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிலை வைத்து அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது. அவர் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். டெலிபோனும் காரும் வைத்திருந்தவர்களின் முகவரிகளுக்கே பெரும்பாலும் சீட்டு அனுப்பியிருந்தார்கள். அதையும் திருப்பி அனுப்பியவர்கள் நாலில் ஒருவர்தான்.

எதிர்க்கட்சிக்காரர்கள் இதைக் காசு கொடுத்து எடுத்த கணிப்பு என்பார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. யார் செலவு செய்தார்கள் என்று ஒரு வரி போட்டிருந்தால் அவர்களும் சொல்ல முடியாது.

அடுத்த முறை கேள்வித்தாளை அப்படியே ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். விலைவாசி, வேலைவாய்ப்பு, வெளியுறவு என்று தனித்தனியாக மதிப்பெண் கேளுங்கள். ‘தெரியாது’ என்றவர்களின் சதவீதத்தையும் மறைக்காதீர்கள். இடம் போதாது என்றால் வட்டப் படங்களில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம். சென்ற கணிப்பின் கேள்வித்தாள் கைவசம் இருந்தால், அதை வரும் இதழிலேயே வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்