பதக்கம் மட்டுமா பயன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

பல்கலைக்கழக கராத்தே, ஜூடோ அணிகளின் பதக்க நிலவரம் பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த செய்தியைப் படித்தேன். வென்ற பிள்ளைகளுக்கு வாழ்த்துகள். ஆனால் ஒரு பல்கலைக்கழகம் தற்காப்புக் கலையை எதற்காக நடத்துகிறது என்ற கேள்விக்குப் பதக்கப் பட்டியல் பதிலாகாது. 1882 இல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ ஒரு கல்வியாளர். உடலையும் ஒழுக்கத்தையும் சேர்த்து வளர்ப்பதே அவரது நோக்கம். ஒலிம்பிக்கில் ஜூடோ சேர்ந்தது 1964 இல்தான்.

என் மகள் கொழும்பில் முதலாம் வருடத்தில் ஜூடோ பழகப் போனாள். ஆரம்பத்தில் விழுவதற்குத்தான் பயிற்சி: நாடியை நெஞ்சோடு ஒட்டி, கையால் பாயை அறைந்து, தலை தரையில் படாமல் விழ வேண்டும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளை, சில வாரங்களிலேயே நிமிர்ந்து நடக்கத் தொடங்கினாள். அப்புறம் போட்டிக்கான தெரிவு வந்தது. தெரிவாகாதவர்களுக்குப் பாயில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். புதிய மாணவரைச் சீனியர்கள் துன்புறுத்தும் பகிடிவதைக்கு எதிராக 1998 இலேயே சட்டம் கொண்டுவந்த நாடு இது. சீனியரும் ஜூனியரும் ஒருவருக்கொருவர் தலைவணங்கிவிட்டுப் பயிற்சி தொடங்கும் ஓர் இடம், புதிதாக வரும் மாணவருக்கு, அதிலும் மாணவிகளுக்கு, எவ்வளவு தேவை! வாரத்தில் இரண்டு மாலைகளையாவது, தெரிவு எதுவும் இல்லாமல், புதியவர்களுக்கென்றே நிர்வாகங்கள் ஒதுக்க வேண்டும். இருட்டுமுன் பஸ் பிடிக்கக்கூடிய நேரமாகவும் அது இருக்கட்டும்.

வாசகி,
வெள்ளவத்தை.