ஆக்காட்டி கத்தினால் வண்டியை நிறுத்துங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மேலூர் பக்கம் இரண்டு ஏக்கர் புஞ்சை வைத்திருக்கிறேன். போன வைகாசியில் எங்கள் ஊர்க் கண்மாயில் வண்டல் அள்ள அனுமதி கிடைத்தது. முன்பு இதற்குக் கலெக்டர் ஆபீஸ் வரை அலைய வேண்டும். 2024-இலிருந்து தாசில்தாரே கொடுக்கிறார். நல்ல காரியம். என் கடலைக்காடு அந்த மண்ணால்தான் தேறியது. ஆகவே வண்டல் அள்ளுவதை நிறுத்தச் சொல்லி இதை எழுதவில்லை.

முதல் நடைக்கு டிராக்டர் உள்ளே இறங்கியதுமே ஓர் ஆக்காட்டிக் குருவி தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தியது. "என்னப்பா, இந்தக் கத்து கத்துது?" என்றேன். "ஆளைக் கண்டா அது அப்படித்தாண்ணே கத்தும்" என்றார் டிரைவர். நானும் சரி என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நடைக்குத் திரும்பும்போது டயர்த் தடத்தில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. மூன்று முட்டைகள் நசுங்கிக் கிடந்தன. நான்காவது மட்டும் முழுசாக இருந்தது. அதையும் குனிந்து பார்த்த பிறகுதான் மண்கட்டி இல்லை என்று புரிந்தது. காய்ந்த களிமண் நிறம், மேலே கறுப்புத் திட்டு. கூடு என்று எதுவும் கிடையாது. மாட்டுக் குளம்படி அளவுக்கு ஒரு பள்ளம், சுற்றிலும் நாலு சரளைக்கல், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மகள் பிடித்துக்கொண்டாள். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் வேட்டைக் கணக்கில்தான் வருமாம். அறுபதை நெருங்கும் வயதில் வேட்டைக்காரன் பட்டம்!

அதற்குப் பிறகு விடியற்காலையில் கண்மாய்க்குள் நடக்கப் பழகினேன். இன்னொரு ஜோடி மடைக்குக் கிழக்கே அடைகாத்தது. உச்சி வெயிலில் அந்தப் பறவை குட்டைத் தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடிவந்து முட்டை மேல் உட்காரும். சூடு தணிக்கத்தான். ஏறக்குறைய 4 வாரத்தில் குஞ்சு பொரிந்துவிடும். பொரித்த கொஞ்ச நேரத்திலேயே குஞ்சு தானாக ஓடும். பட்டாணி உப்புக்கொத்தியும் பவளக்கால் உள்ளானும் இதே மாதிரி தரையில்தான் முட்டையிடுகின்றன. தண்ணீர் வற்றும் அதே மாதங்களில்தான் நாமும் பொக்லைனை இறக்குகிறோம், பையன்கள் ஸ்டம்பு நடுகிறார்கள்.

கடற்கரையில் முட்டையிடும் பறவைகளுக்காக மணலில் கயிறு கட்டி ஆள் போகாமல் காப்பார்கள் என்று படித்திருக்கிறேன். சென்னையில் ஆமை முட்டையைத் தேடி 1988 முதல் மாணவர்கள் ராத்திரி முழுக்கக் கரையோரம் நடக்கிறார்கள். மதுரைக்குக் கடல் இல்லை. வற்றிய கண்மாயும் வைகை மணலும்தான் இந்தப் பறவைகளுக்குக் கரை. பக்கத்து அரிட்டாபட்டியை 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தபோது பாறையில் வாழும் வல்லூறுக்குப் பேர் கிடைத்தது. ஆக்காட்டி ஊருக்கு ஊர் இருப்பதாலோ என்னவோ, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

நான் கேட்பது சின்ன விஷயம். எவ்வளவு ஆழம் வெட்டலாம், எங்கே வெட்டலாம் என்று எழுதித் தரும் அனுமதிச் சீட்டில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: வண்டி இறங்கும் முன் ஒருவர் உள்ளே நடந்து பார்க்க வேண்டும், பறவை கத்தும் இடத்தை விட்டுவிட்டு வேறு பக்கம் அள்ள வேண்டும். முட்டையிலிருந்து இருபது தப்படி தள்ளி நாலு குச்சி நட்டால் போதும். குச்சியைக் கிட்டத்தில் ஊன்றக்கூடாது, நாம் மெனக்கெடும் இடத்தைக் காக்காய் கவனித்துக்கொண்டே இருக்கும். நட்டதும் அங்கே நிற்காமல் வந்துவிட வேண்டும், அப்போதுதான் தாய்ப்பறவை திரும்பும்.

இந்தச் சித்திரையிலும் மனுப் போடப் போகிறேன். வேலிக் கருவேலில் குச்சி வெட்டி வைத்தாயிற்று, டிரைவரிடமும் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு புஞ்சை விவசாயி,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்