வெண்ணாற்றுப் பாலங்களை மாற்றிக் கட்டும் முறை குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்: வெண்ணாற்றங்கரை ஊர்களின் விவசாயிகள், மினி பஸ் ஓட்டுநர்கள், கட்டுமானத் தொழிலாளர்கள்.

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், தஞ்சாவூர்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் வெண்ணாற்றுக்குக் காவிரித் தண்ணீர் விடும் மேட்டூர் அணையை வழக்கப்படி ஜனவரி 28இல் மூடி ஜூன் 12இல் திறக்கிறார்கள். ஆற்றுக்குள் இறங்கி வேலை பார்க்க இந்த நாலரை மாதம்தான் உண்டு. அதற்குள் தளம் போடாவிட்டால் வரும் தண்ணீர் சாரத்தை அடித்துக்கொண்டு போகும். வேலை மறு பிப்ரவரிக்குத் தள்ளிப்போகும். அதனால் பாலம் வேகமாக எழ வேண்டும் என்றே நாங்களும் விரும்புகிறோம். அந்த வேகம் எந்த வேலையில் இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த மனு.

சீக்கிரம் முடியும் என்பதற்காக ஆயத்த கான்கிரீட் பெட்டிகளை ஆற்றின் குறுக்கே வரிசையாக இறக்க வேண்டாம். வாய்க்காலுக்கு அது நல்ல முறை. ஆற்றிலோ, ஐப்பசி கார்த்திகை மழையில் மிதந்து வரும் ஆகாயத்தாமரை ஒவ்வொரு பெட்டிச் சுவரிலும் சிக்கி, நீர் போகும் திறப்பான கண்ணை அடைக்கும். மேல்புறம் நீர் ஏறிக் கரை உடையும், சம்பா மூழ்கும். மிச்சக் கண்களில் பாயும் நீர் கீழ்ப்புற மணலை அரித்து அடித்தளத்தையே அந்தரத்தில் விட்டுவிடும்.

அதற்குப் பதில் அகலமான கண்கள் வைத்து, தளத்தைத் தாங்கும் நீள உத்திரங்களான கர்டர்களை ஆற்றில் தண்ணீர் ஓடும்போதே கரையோர மேட்டில் வார்த்து, 28 நாள் பலம் ஏறவிட்டுத் தயாராக வைக்கலாம். பிப்ரவரியில் ஆற்றுக்குள் பைலும் (ஆழத்தில் இறக்கும் அடித்தளத் தூண்) மேல் தூணும் எழுப்பி, கர்டரை ஏற்றித் தளம் போடுவது மட்டும் மிஞ்சும். 15 மீட்டர் கர்டர் ஏற்றிய டிரெய்லர் எங்கள் கரைச் சாலை வளைவுகளில் திரும்பாது. எனவே வார்ப்பதும் பக்கத்திலேயே இருக்கட்டும். அரை சதுர மீட்டர் குறுக்குவெட்டுள்ள அப்படியொரு கர்டர் சுமார் 19 டன் இருக்கும். தூக்கும் கிரேனின் கால்களுக்கு அடியில் இரும்புத் தகடு விரிக்காமல் கரை விளிம்பில் நிறுத்தினால் கரை சரியும்.

அவசரம் கூடவே கூடாத இடம், பாலத்தில் ஏறி இறங்கும் அணுகுசாலை. திறப்பு நாள் நெருங்கியதும் டிப்பரில் களிமண்ணைக் கொட்டி மேலே தார் போட்டுவிட்டால் முதல் மழையிலேயே மண் அமர்ந்து, பாலம் தொடங்கும் இடத்தில் படி விழும். பைக்கில் வருபவர்கள் விழுவதும் பஸ்ஸின் ஸ்பிரிங் பட்டை ஒடிவதும் அங்கேதான். பாலத்தின் முனையைத் தாங்கும் கரைச்சுவர் முடிந்த உடனே அதன் பின்னால் நீர் வடிய 60 செ.மீ. அகலத்துக்குக் கல் வடிகட்டி வைத்து, கிராவலை 20 செ.மீ. அடுக்குகளாகப் பரப்பி, நீர் தெளித்து ரோலர் ஓட்டி, ஒவ்வொரு அடுக்கின் இறுக்கத்தையும் சோதிக்கக் கோருகிறோம். மேலே, பாலத்தையும் சாலையையும் இணைக்கும் 3.5 மீட்டர் நீள கான்கிரீட் அணுகு சிலாப் அவசியம்.

பழைய பாலத்தை இடிக்கும் முன் போல்ட் போட்டுச் சேர்க்கும் இரும்புத் தற்காலிகப் பாலம் வேண்டும். குழாய் போட்டு மணல்மூட்டை அடுக்கிய பாதை, தண்ணீர் திறந்தால் நிற்காது. நெல் லாரிகள் சுற்றிப் போகட்டும். நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் 108 வண்டிக்கும் மினி பஸ்ஸுக்கும் வழி இருந்தால் போதும். ஒரு பருவம் பஸ் நின்றால் ஆட்கள் கடன் வாங்கியாவது பைக் வாங்கிவிடுவார்கள். பிறகு வசூல் இல்லையென்று அந்த வழித்தடம் திரும்பாது. பைக் ஓட்டாத பெண்களும் முதியவர்களும்தான் நடக்க வேண்டியிருக்கும்.

இவற்றை ஒப்பந்தப்புள்ளி நிபந்தனைகளிலேயே சேர்க்க உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
வெண்ணாற்றங்கரை ஊர்மக்கள்