காவல் நிலையத்திலிருந்து திரும்பிய ரைபிள் அதிர்வது ஏன்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்தல் காலத்தில் உரிமம் பெற்ற துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்பப் பெறுவோர் பலருக்கும் நேரக்கூடிய ஒரு சிக்கலைப் பற்றி எழுதுகிறேன். 2024 மக்களவைத் தேர்தலுக்காக மார்ச்சில் ஒப்படைத்த என் .315 ரைபிளை, கூடலூரில் மழை வலுத்துவிட்ட ஜூலையில்தான் திரும்ப வாங்கினேன். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன் என் தந்தையார் வேட்டைக்கு எடுத்துச் சென்ற துப்பாக்கி அது. இப்போது எப்போதாவது ரைபிள் கிளப்பில் காகித இலக்கைச் சுடுவதோடு சரி.

அம்முறை முதல் தோட்டா வெடித்ததுமே ஏதோ சரியில்லை என்று பட்டது. தோளில் உதைப்பது வழக்கம்தான். ஆனால் உதை அடங்கிய பின்னும், குழலுக்கு அடியில் இருக்கும் மரமான முன்கட்டையைத் தாங்கியிருந்த இடது உள்ளங்கையில், வெண்கலத் தாம்பாளத்தைத் தட்டிவிட்டுத் தொட்டாற்போல் ஒரு நடுக்கம் நின்றது. 50 மீட்டரில் உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கும் ஐந்து குண்டுகள், சாப்பாட்டுத் தட்டளவுக்குச் சிதறியிருந்தன. உடனிருந்த நண்பர், குறி பார்க்க உதவும் குறிமுள்ளைத் திருத்தச் சொன்னார். நல்லவேளை, நான் அதைத் தொடவில்லை.

ஒவ்வொரு வெடிப்பின்போதும் குழல் சாட்டையைப் போலத் துடிப்பது இயல்பே. அந்தத் துடிப்பு மாறாமல் இருக்கும்வரை குண்டும் இடம் மாறாது. குழலையும் கட்டையையும் பிணைக்கும் திருகு தளர்ந்தால் துடிப்பு முறைகெட்டுக் கைக்குத் தெரிகிறது. என் துப்பாக்கி காவல் நிலையத்தில் ஈரச் சுவரோரம் சாக்கில் சுற்றிக் கிடந்தது. ஈரம் குடித்து ஊதிய மரம், இறுகிய திருகின் அடியில் நசுங்கி, வீட்டில் உலர்ந்ததும் சுருங்கித் திருகுக்கு இடம் விட்டுவிட்டது.

இதைக் கண்டறிவது எளிது. தோட்டாக்களை வைக்கும் மேகசினைக் கழற்றி, தோட்டா அறையை மூடித் திறக்கும் போல்ட்டைத் திறந்து, அறையில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்ட பிறகே எதையும் தொட வேண்டும். முன்கட்டையின் நுனியில் மரமும் குழலும் சேருமிடத்தில் விரலை வைத்து, குழலை மெல்ல அசைத்தால், தளர்ந்திருப்பது விரலுக்குப் புலப்படும். எனக்கு முன்திருகை இறுக்கியபோது அது ஏறத்தாழ அரைச் சுற்று இறங்கியது; நடுக்கம் போய்விட்டது. வெறும் சலசலப்பு மட்டும் என்றால் தோள்வார் வளையத்தையும் மேகசினையும் பார்த்தால் போதும்.

தோளில் பதியும் பின்கட்டை ஆடினால் மட்டும் அவசரப்படக் கூடாது. லீ என்ஃபீல்டு எனும் பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைபிள் வகைத் துப்பாக்கிகள் பலவற்றில் பின்கட்டையின் உள்ளே ஓடும் நீண்ட மரையாணியின் சதுர முனை, முன்கட்டையில் பதித்த தகட்டில் சென்று பொருந்தியிருக்கும். முன்கட்டையைக் கழற்றாமல் அதைத் திருகினால் மரம் பிளந்துவிடும். பழைய தேக்கோ வால்நட்டோ பிளந்தால், அதே போல இன்னொன்று கிடைப்பது அரிது.

திருகுகள் இறுக்கமாக இருந்தும் அதிர்வு நீடித்தாலோ, சுட்ட தோட்டாக் கூட்டின் அடிப்பக்கத்தில் பளபளக்கும் வளையமோ கீறலோ தெரிந்தாலோ, போல்ட் திறக்க அடம்பிடித்தாலோ, குழலுக்குள் பார்க்கையில் மோதிரம் போல நிழல் தென்பட்டாலோ, அடுத்த தோட்டாவை ஏற்றவே கூடாது. அது குழல் வீங்கியதன் அல்லது போல்ட் தேய்ந்ததன் அடையாளமாக இருக்கலாம். தெருமுனை லேத் பட்டறைக்கு எடுத்துச் செல்வதும் தவறு. 1959 ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கத் தனி உரிமம் வேண்டும்.

காவல் துறைக்கு ஒரு வேண்டுகோள்: சாக்கில் கட்டித் தரையில் கிடத்தாமல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி மரச்சட்டத்தில் நிறுத்திவைத்து, ஒப்படைக்கும்போது தரும் ரசீதில் கட்டை, குழல், திருகுகள் ஆகியவற்றின் நிலையையும் இரு வரியில் குறித்துக் கொடுக்க ஏற்பாடு செய்தால், திரும்பப் பெறும் நாளில் இரு தரப்புக்கும் வாக்குவாதம் இருக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தேயிலைத் தோட்ட மேலாளர்,
கூடலூர், நீலகிரி மாவட்டம்.