தெற்கே பார்க்கச் சொல்லுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு என்ன வாங்கித் தரலாம் என்று ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில் தொலைநோக்கியையும் சேர்த்திருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் அதில் சொன்ன இரண்டு யோசனைகள் செங்கோட்டையில் உட்கார்ந்து படிக்கிறவர்களுக்கு ஒத்துவராது. வடக்கே துருவ நட்சத்திரத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்கச் சொன்னது ஒன்று. பெரிதாக்கும் திறன் கூடக்கூட நல்லது என்றது இன்னொன்று.

துருவ நட்சத்திரம் ஒரு ஊரில் எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, ஏறக்குறைய அதுதான் அந்த ஊரின் அட்சரேகை. லண்டனில் 51 பாகை, அண்ணாந்தால் கண்ணில் படும். செங்கோட்டை இருப்பது 9 பாகையில். கையை நீட்டி முஷ்டி மடக்கிப் பிடித்தால், தொடுவானத்துக்கு மேலே ஒரு முஷ்டி உயரம்கூட வராது. அந்த உயரத்தில் தென்னந்தோப்பும் புழுதியும் தெருவிளக்கு வெளிச்சமும் போக மிச்சம் என்ன தெரியும்? அந்த நட்சத்திரமும் நடுத்தரப் பிரகாசம்தான். புதிதாகத் தொடங்கும் பிள்ளை அதைத் தேடியே சலித்துப்போகும்.

தெற்கே திரும்பட்டும். மாசி மாதம் இரவு எட்டு மணி வாக்கில் குற்றால மலைக்கு மேலே அகத்திய நட்சத்திரம் நிற்கும். ஆங்கிலப் புத்தகங்களில் கனோபஸ். இரவு வானத்தில் எல்லாவற்றிலும் பிரகாசமான நட்சத்திரம் சிரியஸ், அதற்கு அடுத்த பிரகாசம் இதற்குத்தான். அகத்தியர் மலையும் செங்கோட்டைக்கு நேர் தெற்கே இருப்பதால், அவருடைய நட்சத்திரம் உச்சத்துக்கு வரும்போது அவருடைய மலை இருக்கும் திசையிலேயே நிற்கிறது. தற்செயல்தான், ஆனாலும் பிள்ளைகளிடம் சொன்னால் மறக்க மாட்டார்கள்.

சித்திரைக் கடைசி இன்னும் விசேஷம். இரவு ஒன்பதரை மணிக்குத் தெற்கே தென்சிலுவை என்கிற நட்சத்திரக் கூட்டம் நிமிர்ந்து நிற்கும். அதற்குக் கிழக்கே, சிலுவையை நோக்கிக் கைகாட்டுவது போல இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள். இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்தால் மூன்று முஷ்டிக்குக் கொஞ்சம் மேலே ஒமேகா சென்டாரி. வெறும் கண்ணுக்கு மங்கலான ஒரு புள்ளி. பைனாகுலரில் பார்த்தால் உருண்டையான பஞ்சுப் பொதி போல இருக்கும். 17,000 ஒளியாண்டு தூரத்தில் சுமார் ஒரு கோடி நட்சத்திரங்கள் நெருக்கியடித்திருக்கும் கூட்டம் அது. லண்டன்காரர் ஊரைவிட்டுக் கிளம்பாமல் அதைப் பார்க்கவே முடியாது. நமக்கு மொட்டை மாடி போதும். நம் பத்திரிகைகளில் வரும் வான வரைபடங்களோ பெரும்பாலும் வடக்கத்தி நாடுகளுக்கு வரைந்தவை. இந்தப் பகுதியே அவற்றில் வெட்டுப்பட்டிருக்கும்.

அடுத்தது கருவி. அட்டைப்பெட்டியில் '525 மடங்கு' என்று அச்சடித்து விற்கும் 60 மில்லிமீட்டர் தொலைநோக்கிகளை வாங்காதீர்கள். முகப்பு லென்சின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ, அதைப்போல இரண்டு மடங்குதான் பெரிதாக்கலின் எல்லை. 60-க்கு 120. அதற்கு மேலே போனால் கலங்கலைத்தான் பெரிதாக்கிப் பார்க்கலாம். போதாததற்கு ஆட்டம் காணும் முக்காலி; மூச்சு விட்டாலே நிலா ஓடிவிடும்.

தொடங்குகிறவர்களுக்கு 10×50 பைனாகுலர் நல்லது. பத்து மடங்கு பெரிதாக்கும், முகப்பு லென்ஸ் 50 மில்லிமீட்டர். கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து படுத்து, முழங்கையை விலாவில் ஊன்றிக்கொண்டால் கை நடுங்காது. நிலாவின் பள்ளங்கள், கார்த்திகை நட்சத்திரக் கூட்டம், ஓரியன் நெபுலா என்கிற வாயு மேகம் எல்லாம் கிடைக்கும். 1610-இல் கலிலியோ பார்த்த வியாழனின் நான்கு நிலாக்களும் தெரியும். சனியின் வளையம் மட்டும் இதில் தெரியாது, அதற்கு இருபத்தைந்து முப்பது மடங்காவது வேண்டும். ஆசை நிலைத்துவிட்டால் அப்புறம் ஆறு அங்குல டாப்சோனியன் (எளிய தாங்கியில் உட்காரும் ஆடித் தொலைநோக்கி) வாங்கலாம்.

குற்றாலம் சீசன் கடைகளில் தொங்கும் சிவப்புக் கண்ணாடி பைனாகுலர்கள் இதில் சேராது. அந்தப் பூச்சு வரும் ஒளியில் பாதியைத் திருப்பி அனுப்பவே பூசியதோ என்று எனக்குச் சந்தேகம். கடையிலேயே தூரத்துக் கோபுரம் ஒன்றைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். உருவம் இரட்டையாகத் தெரிந்தாலோ கண் இழுத்தாலோ வேண்டாம். பகலில் பிள்ளைகளிடம் பைனாகுலரைக் கொடுக்கும்போது ஒன்று: சூரியனை நோக்கித் திருப்பவே கூடாது. கண் போய்விடும்.

மேற்கே மலை மறைப்பதால், மாலையில் தாழ்வாகத் தெரியும் புதன் கிரகம் நமக்கு எட்டாது. விடியற்காலையில் கிழக்கே வரும்போது பார்த்துக்கொள்ளலாம், அந்தப் பக்கம் வெட்டவெளி. ஆனி, ஆடியில் சாரல் பிடித்துவிட்டால் கணவாய் வழியாக மேகம் வந்துகொண்டே இருக்கும், வானம் கிடைப்பது அதிர்ஷ்டம். ஆனாலும் கணவாய்க்கு அந்தப் பக்கம் கேரளத்துப் புனலூரில் இருக்கும் உறவினர்களைப் பார்க்க நாம் பரவாயில்லை. அவர்களுக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் கொட்டும், துலாவர்ஷம் என்கிற வடகிழக்குப் பருவமழையும் கொட்டும். சாரல் மாதங்களில் பைனாகுலரைத் துணிப்பையில் போட்டு பீரோவில் வைத்தால் லென்சில் பூஞ்சை பிடிக்கும். இறுக்கமாக மூடும் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வைக்க வேண்டும். வேட்டி நுனியால் துடைப்பதும் ஆகாது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மாதம் ஒருமுறை கால் பக்கம் ஒதுக்கி, 9 பாகை அட்சரேகைக்கு வரைந்த வான வரைபடம் ஒன்றைத் தெற்குத் தொடுவானம் வரை முழுதாகப் போடுங்கள். சென்னை வாசகர்களுக்காக வேண்டுமானால் 13 பாகைக்கு இன்னொன்று போட்டுக்கொள்ளுங்கள். ராசிபலன் பக்கத்தில் இடம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், செங்கோட்டை