ஓர்த்தோனாவுக்கு ஒருமுறை போய் வா

வேலூர்

அன்பு மகளுக்கு, இயேசுவுக்கே புகழ்.

போன சனிக்கிழமை அப்பாவும் நானும் காட்பாடியில் ரயிலேறிச் சென்னைக்குப் போய் வந்தோம். இயேசுவின் சீடர் தோமையார் தம் கடைசிக் காலத்தைக் கழித்ததாகப் பெரியவர்கள் சொல்லும் மூன்று இடங்களையும் பார்த்துவிட்டோம்.

சின்னமலையில் குகைக்குள் குனிந்துதான் நுழைய வேண்டும். முழங்கால் வலியை மறந்து அப்பா எனக்கு முன்னே போனார். பகைவர் கண்ணுக்கு மறைந்து தோமையார் செபித்த இடமாம். தாகத்தோடு வந்தவர்களுக்காக அவர் பாறையிலிருந்து வரவழைத்ததாகச் சொல்லும் ஊற்றும் அருகிலேயே இருக்கிறது. பாலாற்றில் மணலையே பார்த்து வாழ்ந்தவள் அல்லவா, எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

பரங்கிமலையில்தான் அவர் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார் என்பது மரபு. 1547இல் போர்த்துக்கீசியர் அங்கே தோண்டியபோது கிடைத்த கற்சிலுவை பீடத்தில் இருக்கிறது. அதைச் சுற்றிலும் பாரசீகத்தின் பழைய பஹ்லவி எழுத்துகள். போர்த்துக்கீசியர் கப்பல் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே செதுக்கியது! 'உங்கள் சாமி வெள்ளைக்காரன் கொண்டுவந்தது' என்று யாரோ சொன்னதற்காகப் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டே வந்தாயே, அதுதான் நினைவுக்கு வந்தது. அன்றே உன்னை இங்கே அழைத்து வந்திருக்க வேண்டும்.

சாந்தோமில் தோமையாரின் கல்லறைமுன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். அவர் இந்தியாவுக்கு வந்ததற்கே சான்று போதாது என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. இருக்கட்டும். 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ எழுதியதைக் கேள்: தோமையார் உயிர்விட்ட இடத்து மண்ணை யாத்திரிகர்கள் எடுத்துப்போய்க் காய்ச்சல்காரர்களுக்குக் கரைத்துக் கொடுத்தார்களாம். நோயாளிகளோடு இரவெல்லாம் விழித்திருக்கும் உனக்கு அந்தத் தவிப்பு புரியும்.

அந்தக் கல்லறையில் இப்போது அவர் உடல் இல்லை, அம்மா. சிறு எலும்புத் துண்டு ஒன்றை மட்டும் திருப்பண்டமாக வைத்திருக்கிறார்கள். மற்றவை இன்றைய துருக்கியில் உள்ள எதெசாவுக்குப் போய், கியோஸ் தீவுக்குப் போய், 1258இல் இத்தாலியின் ஓர்த்தோனாவுக்கு வந்து சேர்ந்தன என்கிறார்கள். நீ இருக்கும் ரோமிலிருந்து கிழக்கே, அட்ரியாட்டிக் கடலோரம். அங்கேயும் கடல், மயிலாப்பூரிலும் கடல்.

எங்களால் அவ்வளவு தூரம் வர முடியாது. விடுமுறை கிடைக்கும்போது நீ போய் வா. சாந்தோம் கோயில் வாசலில் எடுத்த ஒரு சிட்டிகை மண்ணை இந்தக் கடிதத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன். அதைக் கைக்குள் வைத்துக்கொண்டு அவர் பீடத்தின்முன் எங்களுக்காக ஒரு பரலோக மந்திரம் சொல். தமிழிலேயே சொல்.

கடல்காற்று குளிரும், ஸ்வெட்டர் எடுத்துப் போ.

உன் அம்மா