மேற்குக் காட்டுக் கிணறு

ஹூசும், ஜெர்மனி, தை 12

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. நோம்பிக்குக்கூட நான் எழுதவில்லை என்று அம்மா வருந்தியதாகத் தங்கை போனில் சொன்னாள். வேலை மிகுதி என்பதைத் தவிர வேறு காரணமில்லை, உடம்புக்கு ஒன்றுமில்லை. ஹீட்டரைப் பெரும்பாலும் போடுவதில்லை, சென்னிமலைப் போர்வையே போதுமானதாக இருக்கிறது. எதிர்வீட்டுப் பெரியவர் காலையிலும் இரவிலும் "மொயின்" என்ற ஒரே சொல்லைத்தான் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை மிக்சி ஓட்டினேன் என்று ஒருமுறை கதவைத் தட்டினார். அதிலிருந்து சட்னிக்குச் சனிக்கிழமையே அரைத்துவிடுகிறேன்.

நம் மேற்குக் காட்டு நிலத்தை மின்சாரக் காற்றாடி நிறுத்தக் கேட்கிறார்கள் என்றும், அவ்வளவு உயரத்தை மண் தாங்குமா என்று அப்பாரு கேட்டார் என்றும் எழுதியிருந்தீர்கள். பாரத்தை மண் பெரும்பாலும் தாங்கிவிடும். கவிழ்க்கப் பார்க்கும் காற்றைத் தாங்குவதுதான் பெரும்பாடு. 100 மீட்டர் உயரத்தில் ஆடிக்காற்று தள்ளும்போது அடித்தளத்தின் ஒரு விளிம்பு மண்ணை அழுத்தும், எதிர்விளிம்பு மேலெழப் பார்க்கும். அதனால் 20 மீட்டர் வரையோ அதற்கு மேலோ அகலமாக வட்டக் கான்கிரீட் போட்டு, தோண்டிய மண்ணையே அதன்மேல் பாரமாக ஏற்றுகிறோம். வழக்கமான காற்றில் அடிப்பாகம் எங்கும் மண்ணை விட்டு எழக் கூடாது; பெரும்புயலில்கூட அந்த இடைவெளி நடுவைத் தாண்டக் கூடாது என்பது இங்குள்ள கணக்கு.

இங்கே மேட்டு நிலத்தில் மணல். அங்கு அகன்ற அடித்தளமே போதும். கடலோரத் தாழ்நிலத்திலோ சேறு போன்ற களிமண், தோண்டினால் ஓரிரு மீட்டரிலேயே தண்ணீர். தண்ணீர் கான்கிரீட்டை மேலே தூக்குவதால் அதன் பாரமே குறைந்துவிடுகிறது. ஆகவே கெட்டி மணல் கிடைக்கும் ஆழம் வரை பைல் எனும் நீண்ட தூண்களை இறக்குகிறோம். அதற்கு முன்பு 36 மில்லிமீட்டர் தடிமனுள்ள கூம்புக் கம்பியை நொடிக்கு 2 சென்டிமீட்டர் வீதம் மண்ணுக்குள் அழுத்தி, எங்கே எவ்வளவு எதிர்க்கிறது என்று அளக்கிறார்கள். போன மாதம் ஒரு வட்டத்தின் பாதி மணலிலும் பாதி களியிலும் விழுந்தது. ஒரு பக்கம் மட்டும் இளகினால் கோபுரம் சாயும், ஆடும் வேகமும் மாறும் என்பதால் அந்த இடத்தையே தள்ளி வைத்தோம்.

அன்று வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பாருவின் கிணறுதான் நினைவுக்கு வந்தது. தூர்வாரும் நாளில் என்னைக் கயிறு கட்டி இறக்கி, செம்மண், சுக்காங்கல், பாறை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாரே, அந்த ஈர வாசனை இங்கு எந்தக் குழியிலும் வரவில்லை, அப்பா. அன்று சாயங்காலம் அரிசியும் பருப்பும் சோறு ஆக்கினேன், பாதிக்குமேல் இறங்கவில்லை.

அந்தக் கிணறு வற்றியபின் கல்லும் குப்பையும் கொட்டி மூடியதை இன்று யாரும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மண் பரிசோதனைக்கு வருபவர்களிடம் அப்பாருவே நேரில் நின்று அந்த இடத்தைக் காட்ட வேண்டும். துளையிட்ட முடிவு வரும்வரை குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கிரேன் வர இட்டேரியை அகலப்படுத்தக் கேட்பார்கள். சித்தப்பாவிடம் சொல்லாமல் கிளுவை வேலியை வெட்ட விடாதீர்கள். வரப்புக்காகப் போன தடவை நடந்த பேச்சே போதும். வீடு மாற முன்பணம் கொடுத்ததால் இம்மாதம் பணம் குறைந்தது, அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். தங்கையின் நிச்சயம் வைகாசியிலா ஆவணியிலா என்று உடனே எழுதுங்கள், விடுப்பு கேட்க வேண்டும்.

உங்கள் அன்பு மகன்